வெள்ளம் வருமுன் பத்திரங்களைக் காப்போம்

(ஜொகூர், குளுவாங்கில் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



வெள்ளம் நமக்குப் புதிதல்ல. 2006 டிசம்பரில் ஒரு முறை, 2007 ஜனவரியில் மறுமுறை என்று ஜொகூர் அடுத்தடுத்து மூழ்கியது. கோத்தா திங்கி மக்கள் வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் மீண்டும் தண்ணீர் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் சிகாமாட், குளுவாங், யோங் பெங், பத்து பகாட் மறுபடியும் தண்ணீரில் கிடந்தன.

அந்த நேரத்தில் நாம் எதைக் காப்பாற்றினோம்? டிவியை மேசை மேல் ஏற்றினோம். அரிசி மூட்டையைத் தூக்கினோம். மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்தினோம். அலமாரியின் அடித்தட்டில் இருந்த பிறப்புப் பத்திரத்தை மறந்தோம்.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கூழாகிப்போன காகிதம். மகனுக்கு 12 வயது, அடையாள அட்டை எடுக்க வேண்டும். பையன் பிறந்தது வேறு மாநிலத்துத் தோட்டத்தில். பத்திரத்தின் எண் யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் தாலி கட்டிய திருமணம், பதிவு செய்யவில்லை. அந்தப் பையனுக்காக அவர் மாதக்கணக்கில் அலைந்தார். கூலி போன நாட்களை யார் திருப்பித் தருவது?

சட்டம் என்ன சொல்கிறது? இன்று இந்த மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. பெற்றோர் யார், அவர்களின் நிலை என்ன என்று காட்ட வேண்டும். திருமணம் பதிவாகவில்லை என்றால் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். தகப்பன் நீல அடையாள அட்டைக்காரராக இருந்தும் பிள்ளை தவிப்பது இதனால்தான். ஆகவே, பதியாதவர்கள் முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு நீர் புகாத பை வாங்குங்கள். பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம், சேமநிதி, சொக்சோ தாள்கள், கிளினிக் அட்டை எல்லாம் அதற்குள் இருக்கட்டும். கதவருகே உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். மூலப் பத்திரம் போனாலும் எண் மிஞ்சும். எண் இருந்தால் நகல் எடுப்பது சுலபம்.

தண்ணீர் ஏறினால் மின்சார மெயின் சுவிட்சை அடையுங்கள். மருந்தையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆபத்து என்றால் 999.

நிவாரண மையத்தில் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் பதியுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் விடாமல் பதியுங்கள். 2021, 2023 வெள்ளங்களில் குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உதவித்தொகை கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் அதற்காக அலைய வேண்டியிருந்தது.

பத்திரம் போய்விட்டதா? உடனே போலீஸ் புகார் கொடுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அது உங்கள் உரிமை. நகலை வாங்கிக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். வெள்ளத்தில் அடையாள அட்டையை இழந்தவர்களுக்கு அபராதம் இல்லை. கேட்டால் மறுத்துச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, டிவி போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளையின் பத்திரம் போனால் அவன் பள்ளிக்கூடம், வேலை, வாக்கு எல்லாம் கேள்விக்குறியாகும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.