மணலின்றி ஆறில்லை
(பொழிவின் எழுத்துவடிவம்)



காவிரி என்றவுடன் தமிழர் நாவில் எழும் முதற்சொல் நீர். எவ்வளவு நீர் வரும்? எப்பொழுது வரும்? எவர் தடுத்தார்? இவ்வினாக்களைக் கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறைகள் கழிந்துவிட்டன. அவை கேட்கப்பட வேண்டியவையே. ஆயினும், அவற்றோடு உடன்பிறந்த இன்னொரு வினா கேட்பாரின்றிக் கிடக்கின்றது. காவிரியின் மணல் எங்கே என்பதே அவ்வினா. ஆறு என்பது ஓடும் நீர் மட்டுமன்று. அந்நீரைத் தாங்கும் மணலும் ஆறே. நீரை மட்டும் எண்ணி மணலை எண்ணாது விட்ட மக்கள், இறுதியில் இரண்டையும் இழப்பர். இவ்வுண்மையை உணர்த்துதற்குத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும்விடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

அரங்கம் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது ஒரு பொருள். ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் நெருங்கும் இடையில் எழுந்த நிலமே அரங்கம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலுக்கு விரைவது. காவிரியோ வளைந்து வயல்களுக்குப் பகிர்ந்தளித்துச் செல்வது. தடுப்பாரில்லையெனில் பெருநீரெல்லாம் சரிவு மிகுந்த கொள்ளிடத்தையே நாடும். காவிரி வறண்டு போகும். திருவரங்கத்துக்குக் கிழக்கே இரு கிளைகளும் மீண்டும் நெருங்குமிடத்தில், காவிரி நீர் கொள்ளிடத்தில் வீழ்ந்துவிடாதவாறு தடுத்து நிற்பதே கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை.

கல்லணையின் அருமை அதன் பழமையில் மட்டும் இல்லை. ஏறத்தாழ 329 மீட்டர் நீளமுள்ள அவ்வணை பாறைமேல் எழுந்ததன்று. ஆற்று மணல்மேல் எழுந்தது. பெருங்கற்களை மணலில் இட, அவை தம் எடையாலேயே அமிழ்ந்து அமிழ்ந்து ஓரிடத்தில் நிலைகொண்டன. அவற்றின்மேல் மேலும் கல்லும் களிமண்ணும் அடுக்கப்பட்டன. மணல் பகையன்று, அதன் இயல்பறிந்தால் அதுவே அடித்தளம் என்று கண்ட அறிவு அது. ஏட்டுச் சுவடியாய் அன்றி, ஆற்றின் நடுவே கல்லெழுத்தாய் நின்ற நீரியல் நூல் என்று அதனைக் கூறலாம்.

அந்நூலைப் படித்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன். தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையிலிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். கல்லணையில் தேங்கிய மணலை வெளியேற்ற 1830-இல் மதகுகள் அமைத்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும், கீழே கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. பின்னர்க் கோதாவரியில் தௌலேசுவர அணையைக் கட்டியபோதும் அம்மணற்பாடமே அவருக்குக் கைகொடுத்தது. தமிழ் முன்னோர் கண்ட அறிவு அயலார்க்குப் பாடமாயிற்று. தமிழர்க்கோ அது சுற்றுலாக் காட்சியாய்ச் சுருங்கிற்று!

இனி 2018ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பிப்பிரவரி 16-இல் தில்லி உச்ச அறமன்றம் காவிரித் தீர்ப்பை வழங்கியது. 2007-இல் தீர்ப்பாயம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு அளந்த 192 டி.எம்.சி. நீர், 177.25 ஆகக் குறைக்கப்பட்டது. உழவர் நாவில் டி.எம்.சி. எனப் புழங்கும் அவ்வளவு ஒன்று, நூறு கோடி கன அடி நீராகும். அத்தீர்ப்பு வந்து ஆறு திங்கள் கழிந்த நிலையில், மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு நூறாயிரம் கன அடி அளவில் வெள்ளம் புறப்பட்டது. ஆகத்துத் திங்களில், 1928-இல் கட்டப்பட்டுப் போக்குவரவு நின்றுபோயிருந்த கொள்ளிடப் பழம்பாலத்தின் தூண்கள் அமிழ்ந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. அதே திங்கள் 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்குப் புதிய கதவணை பின்னர்க் கட்டப்பட்டது. 2024 ஆகத்திலோ, திருவரங்கத்தருகே கொள்ளிடத்தில் நின்ற உயர்மின் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்தது.

182 ஆண்டு நின்ற மேலணைக்கு அகவை முதிர்ந்தது உண்மையே. ஆயினும் அதனினும் பழைய கல்லணை நிற்க, இவை வீழ்ந்தது ஏன்? நீரியல் அறிஞர் கூறும் விடை எளியது. ஓடும் ஆறு நீரோடு மணலையும் சுமக்கின்றது. அணையில் தேங்கும்போது மணல் அடியில் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் வெளிப்படுகின்றது. சுமை இழந்த அந்நீர் பசித்த நீர். தன் சுமையை நிரப்பிக்கொள்ள ஆற்றின் அடியையும் கரையையும் அரிக்கின்றது. காவிரியில் கண்ணம்பாடி அணையும், 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் மணலை நிறுத்தின. துணையாறுகளான பவானியிலும் அமராவதியிலும் அணைகள் எழுந்தன. மேலிருந்து வரும் மணல் குறைந்துபோன அதே காலத்தில், கீழே கிடந்த மணலைப் பொறிகளும் சரக்குந்துகளும் அள்ளிச் சென்றன. வரவைக் குறைத்துச் செலவைப் பெருக்கிய குடும்பம் எங்ஙனம் வாழும்? ஆற்றின் அடி தாழத் தாழத் தூண்களின் காலும் அணைகளின் காலும் வெளிப்பட்டு நிற்கின்றன. வெள்ளம் வரும்போது அவை தள்ளாடுவது வியப்பன்று.

இதன்மேல் வந்து சேர்ந்திருக்கின்றது மாறிவரும் தட்பவெப்பநிலை. தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததைவிட ஞாலத்தின் வெப்பம் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும். அதன் பயன், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழையும், பெய்யாதபோது நீளும் வறட்சியும் ஆகும். காவிரிப் படுகை இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்டது. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகளில் ஓராண்டேனும் மேட்டூர் வழக்கமான சூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் வறட்சி சாற்றப்பட்டது. அதை அடுத்து வந்ததே 2018இன் வெள்ளம்! 2022-இலோ அணை நிரம்பும் நிலை எய்தி, மே 24-இலேயே திறக்க வேண்டியதாயிற்று. ஓராண்டின் வெள்ளமோ வறட்சியோ தட்பவெப்ப மாற்றம் ஒன்றால் மட்டுமே விளைந்ததென ஆய்வாளர் கூறார். ஆயினும் இத்தகைய ஊசலாட்டம் மிகும் என்பதே அவர்தம் எச்சரிக்கை.

ஊசலாடும் வானத்தின்கீழ் வாழும் மக்களுக்கு வேண்டுவது யாது? மிகும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுக்கும் களஞ்சியம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டுமே; அது நிறைந்தபின் வருவதெல்லாம் கீழே சென்றே ஆகவேண்டும். ஆனால், அணைகட்டாமலே இயற்கை அமைத்துத் தந்த களஞ்சியம் ஆற்றுமணல். வெள்ளத்தில் குடித்து, கோடையில் ஊறித் தருவது அது. ஞாயிற்றின் வெப்பம் அதனுள் மறைந்த நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. வடிகட்டித் தூய்மையாக்குவதும் அதுவே. திருச்சிராப்பள்ளி நகர் குடிப்பது காவிரி, கொள்ளிட மணலில் இறக்கிய பெருங்கிணறுகளின் நீரையன்றோ! தொலைவிலுள்ள இராமநாதபுர மாவட்டத்துக்கும் திருச்சிராப்பள்ளிக் காவிரியிலிருந்தே கூட்டுக் குடிநீர் செல்கின்றது. மணல் அள்ளுவோர் அள்ளுவது கட்டடப் பொருளன்று. குடிநீர்க் குடத்தின் அடியை!

ஈண்டு இன்னொன்றும் எண்ணத்தக்கது. உச்ச அறமன்றம் தமிழகத்தின் பங்கினின்று குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் உண்டு என்னும் கணக்கால் குறைக்கப்பட்டது. அந்நிலத்தடி நீரை ஊட்டுவது ஆறும் அதன் மணலும் அன்றோ! ஆற்றில் வரும் நீரைக் குறைத்து, ஆற்றின் மணலையும் இழந்தபின் அந்தப் பத்து எங்கிருந்து ஊறும்? தீர்ப்பில் தமிழர் இழந்ததற்கு அயலாரைக் குறை கூறலாம். தமிழ்நிலத்து மணலைத் தமிழரே விற்றுத் தீர்த்ததற்கு எவரைக் குறை கூறுவது?

வெள்ளநீர் கடலிற் கலப்பதெல்லாம் வீண் என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. ஆறு கடலுக்குக் கொண்டுசெல்லும் மணலும் வண்டலுமே கழிமுகத்தைக் கட்டி எழுப்பின. நன்னீர் கடலை நோக்கித் தள்ளாவிடின், கடலின் உவர்நீர் ஆற்றுள் ஏறும். கொள்ளிடக் கழிமுகத்து ஊர்கள் இதனை நாளும் கண்டு வருந்துகின்றன. கடல்மட்டமும் உயர்ந்துவரும் இந்நாளில் இவ்விடர் பெருகுமே அன்றிக் குறையாது.

எனவே செய்யத்தக்கது யாது? முசிறியிலும் பிலிகுண்டுலுவிலும் நடுவண் நீர்வள ஆணையம் நீரை அளக்கின்றது. அந்நீரளவுக்கு அரசும் உழவரும் போராடுவதுபோல் மணலளவுக்கும் போராடுதல் வேண்டும். முக்கொம்பு முதல் கல்லணை வரை ஆற்றின் அடிமட்டம் ஆண்டுதோறும் அளக்கப்படல் வேண்டும். வந்த மணல் எவ்வளவு, சென்றது எவ்வளவு என்னும் மணற்கணக்கு ஊர்தோறும் பலகையில் எழுதப்படல் வேண்டும். வரவினும் மிகுதியாய் ஒரு பிடியும் அள்ளப்படலாகாது. 2003 முதல் மணல் விற்பனையைத் தன் கையில் கொண்ட அரசுக்கே இக்கடமை முதற்கண் உரியது.

அக்கணக்கு தமிழில் இருத்தல் வேண்டும். மதகு, மடை, கலிங்கு, குமிழி, எக்கல், வண்டல், துருத்தி, ஆற்றிடைக்குறை என ஆற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர்வைத்த மொழி இது. ஆற்றைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடக்குமாயின், ஆற்றங்கரையில் வாழ்பவன் தன் வீட்டின் நிலையைத் தானே அறியாதவனாவான். அறியாதவன் காக்க மாட்டான், காவாதவன் இழப்பான்.

கல்லணையைக் கட்டியவர் மணலை அறிந்தார். ஆகலின் அது நின்றது. மணலை மறந்து கட்டியவை வீழக் கண்டோம். எஞ்சிய மணலையேனும் காப்பது, திருவரங்கத்தைக் காப்பது, காவிரியைக் காப்பது, இனிப் பிறக்கவிருக்கும் தமிழ்க்குழவியின் வாய்நீரைக் காப்பது. விழிமின் தமிழ்மக்களே! நீருக்கு எழுந்த குரல் மணலுக்கும் எழுக!