உடல் வேறு, கரை வேறு, சேலை ஒன்று!

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! நான் காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரன்.

‘வேறு நிறுவனத்தில் இணையம் வழியாகப் படித்த பாடத்தைக் கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்துக்கொள்வது மாணவருக்கு வரமா, வீண் வேலையா?’ இதுதான் தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசின அம்மா என்ன கேட்டாங்க? “எங்கேயோ படிச்சதைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டா அது பட்டமா, பழந்துணியா?”ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. அம்மா, நீங்க கட்டியிருக்கிறது காஞ்சிப் பட்டு. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்து நெய்கிறாங்க. அதுக்குப் பேரு கோர்வை. அதைப் போய் ஒட்டுத்துணின்னு சொன்னா, எங்க பக்கத்து நெசவாளி அடுத்த தீபாவளிக்கு உங்களுக்குச் சேலையே தரமாட்டார்! (சிரிப்பு, கைதட்டல்)

பட்டத்தில் கோர்வை போடவும் முறை இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்.பி.டி.இ.எல். 2017-ல் மத்திய அரசு தொடங்கியது ‘ஸ்வயம்’. பாடம் கேட்கக் காசு கிடையாது. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரப் பாடம் தேறினால் 3 கிரெடிட். கிரெடிட் என்றால் மார்க் இல்லீங்க, பட்டத்தில் அந்தப் பாடத்துக்கு இருக்கிற எடை. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 சதவீதம் வரை இப்படிச் சேர்க்கலாம் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. மிச்சம் கல்லூரியில்தான். வாத்தியார் வேலை போயிடும்னு யாரும் அழ வேண்டாம்!

“செல்போனைப் பார்த்து யார் வேணுமானாலும் பாஸ் பண்ணலாமே?” என்கிறார்கள். நூற்றுக்கு 25 மார்க்தான் வாராந்திரப் பயிற்சிகளுக்கு. மீதி 75-க்கு அடையாள அட்டையோடு தேர்வு மையத்துக்கு நேரில் போய் உட்காரணும். அங்கே அண்ணனுக்குப் பதில் தம்பி எழுத முடியாது.

நடுவர் அவர்களே, எங்க ஊரில் ஒரு நெசவாளி வீட்டுப் பொண்ணு. பகலெல்லாம் கல்லூரி, சாயங்காலம் தறி வேலையில் ஒத்தாசை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு 12 வாரம் படிச்சுது, தேர்வு எழுதுச்சு, பாஸ் பண்ணுச்சு. சான்றிதழை எடுத்துக்கிட்டுப் போனா, கல்லூரி என்ன சொல்லுச்சு? “இந்தப் பாடம் எங்க பட்டியல்ல இல்லையேம்மா.” அதே பாடத்தை மறுபடியும் படிச்சு எழுதுச்சு. “பார்த்தீங்களா, வீண் வேலை!” என்று எதிரணி துள்ளும். நான் கேட்கிறேன்: அந்தப் பொண்ணு தூக்கம் கெட்டது பொய்யா? படிச்ச பாடம் மறந்து போச்சா? சோறு நல்லாத்தான் வெந்திருக்கு. பரிமாறுகிற இடத்தில்தான் கோளாறு! (கைதட்டல்)

எங்க மாவட்டத்து உத்திரமேரூருக்கு வாங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. குடவோலைக்குப் பெயர் எழுத கால்வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் பிறருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். குறைகிற நிலத்தைக் கல்வி ஈடு கட்டியது! ‘விளக்கத் தெரியுமா’ என்று பார்த்தார்கள். எந்தத் திண்ணையில் படித்தாய் என்று கேட்கவில்லை. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. அதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் கல்வியை எடை போட்ட அந்தத் தராசு நல்ல தராசு.

பிள்ளைகளே, மூணு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. பாடத்தில் சேருவதற்கு முன்னாலேயே, அது கல்லூரியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கான்னு துறைத்தலைவரிடம் கேளுங்க. எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்பதை எழுத்தில் வாங்குங்க. 2021-ல் வந்த கிரெடிட் வங்கியில் கணக்குத் திறங்க. சேர்த்தது 7 வருஷம் வரை செல்லும். கல்யாணம், பிரசவம், அப்பாவுக்கு வைத்தியம் என்று படிப்பை நடுவில் விட்ட எத்தனை பெண்கள் நம்ம வீட்டிலேயே இருக்காங்க! இனி அப்படி நின்றால், படித்தவரைக்கும் கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

போட்ட காசுக்குக் கணக்கு வைக்கிற நாடு, படிச்ச படிப்புக்கும் கணக்கு வைக்கட்டும். ஆகவே நடுவர் அவர்களே, வரமே என்று நல்ல தீர்ப்பு சொல்லுங்கள். (கைதட்டல்)