பிள்ளைகள் வந்து போகும் தெரு



ஜூபிலி மேடையில் பேசுகிற பேச்சா இது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆலயம் எழுந்த வரலாற்றைப் பெரியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆலயத்துக்கு நம் பிள்ளைகள் வந்து போகிற தெருவைப் பற்றி நான் பேசுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில், பாடகர் குழுவிலிருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி திடீரென மாலைப் பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டாள். காரணம் கேட்டேன். "டீக்கடை முனையில் நிற்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள், சைக்கிளைக் குறுக்கே விடுகிறார்கள், சாமி" என்றாள். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அந்தப் பக்கம் போகாதேம்மா, சுற்றிப் போ."

சுற்றுவழியில் விளக்குக் கிடையாது. அவள் பாட்டையே விட்டுவிட்டாள். முனையில் நின்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அவர்களில் இருவர் ஒரு காலத்தில் என் பீடச் சிறுவர்கள்! கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், டீக்கடைக்காரரிடமாவது சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. குற்றம் செய்தவனுக்குத் தெருவையும், செய்யாதவளுக்கு இருட்டையும் பங்கு போட்டுக் கொடுத்தேன்.

1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய 'கேலி'க்குப் பலியான பிறகே தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. சாலை, பேருந்து நிறுத்தம், வழிபாட்டுத் தலம் எல்லாம் அதில் அடங்கும். ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் தெருவில் முதலில் வேண்டியது போலீஸ்காரர் அல்ல, அக்கம்பக்கத்தார். நம் ரயில்வே கேட் அருகே பூக்கட்டும் அம்மா யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. தயங்கி நிற்கும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்கே வந்து உட்கார், துணைக்கு ஆள் வரட்டும்" என்பார். அவ்வளவுதான், நிற்பவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். தன்னை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் துணிச்சல் போய்விடும்.

இன்னொன்று சொல்லக் கசப்பானது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து முன்பின் தெரியாதவனிடமிருந்துதான் வரும் என்று நினைக்காதீர்கள். தானியேல் ஆகமத்தில் சூசன்னாவைக் கெடுக்கப் பார்த்தவர்கள் ஊர் மதித்த பெரியவர்கள். அதனால்தான் அவர்கள் சொன்ன பொய்யைச் சபை நம்பியது. பிள்ளை சுட்டிக் காட்டுவது மாமாவாகவோ, வாத்தியாராகவோ, என்னைப் போல் அங்கி தரித்தவராகவோ இருந்தாலும் அதன் வாயை அடைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. என்னிடம் சொன்னால் போதும் என்று யாரும் இருந்துவிடவும் வேண்டாம். 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பிள்ளையின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில்.

வரும் வெள்ளிக்கிழமை பாடற் பயிற்சி ஆறரை மணிக்கு முடியும். ரயில்வே கேட்டிலிருந்து கெபி வரை ஐந்து வீட்டார் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கடந்து போகும் வரை வெளியே உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது விளக்கு பங்களா வாசலில் எரியும். நாற்காலி போட்டு நானும் உட்காருகிறேன்.