தாய்க்கோழியின் வேலை
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பி பிளாக் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"ஓவேலியில் கோழி வளர்த்த கதையைச் சொல்லுங்கள் பாட்டி" என்று கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது கடைசியில்.

தீபாவளிக்கு முன்பு நம் கேட்டுக்கு வெளியே ஒருவர் சைக்கிளில் கலர் கோழிக்குஞ்சு கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பச்சை, ரோஸ், ஊதா. என் பேத்தி இரண்டு கேட்டாள், நானே காசு கொடுத்தேன். ஷூ டப்பாவில் பழைய துணி போட்டு, கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் வைத்தோம். நான்காம் நாள் காலையில் இரண்டும் விறைத்துக் கிடந்தன. "நான் என்ன தப்பு பண்ணினேன் பாட்டி?" என்று அழுதாள். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. ஆறு வயதிலிருந்து கோழியோடு வளர்ந்த எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் குழந்தையின் ஆசைக்காக வாயை மூடிக்கொண்டேன். அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்ல வந்திருக்கிறேன்.

கூடலூரிலிருந்து ஏறினால் ஓவேலி. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காடு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. எங்கள் குடும்பமும் அப்படித்தான். இருந்த லயம் எங்களுடையதல்ல, கொழுந்து பறித்த செடியும் எங்களுடையதல்ல. வாசலில் மேய்ந்த நாலு கோழிதான் அம்மாவுக்குச் சொந்தம். முட்டை விற்ற காசு அம்மாவின் கையில் தனியாக இருக்கும். என் பள்ளிக்கூட நோட்டெல்லாம் அந்தக் காசில் வாங்கியதுதான்.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் குரலே மாறிவிடும். கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா ஒரு கூடையில் உமியும் வைக்கோலும் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டையும் போட்டு, முட்டைகளை வைப்பார். இரும்பு இடியைத் தடுத்ததா என்று எனக்குத் தெரியாது. அடை வைக்கும் மாதத்தில் மட்டும் அம்மா கணக்குத் தப்பியதே இல்லை. தையிலோ மாசியிலோ வைத்துவிடுவார். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் விடாமல் மழை கொட்டும். அதற்குள் குஞ்சுக்கு இறகு முளைத்திருக்க வேண்டும்.

இருபத்தொரு நாள். கோழி தினமும் ஒருமுறை இறங்கி, அவசரமாகத் தின்று, ஓடிவந்து உட்காரும். மூக்கால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். இருபதாம் நாள் முட்டையைக் காதில் வைத்தால் உள்ளேயிருந்து 'கீச் கீச்' என்று கேட்கும். தாய் மெல்ல 'க்ளுக்' என்று பதில் சொல்லும். ஓடு உடையும்முன்பே இரண்டும் பேசிக்கொள்கின்றன! நானும் என் தம்பியும் அடுப்படியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்போம். இத்தனை வயதுக்குப் பிறகும் அதைவிட இனிமையான சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

பொரித்த பிறகுதான் தாயின் வேலை அதிகம். கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறக்கைக்குள் குஞ்சுகள் புகுந்து சூடேறியதும் வெளியே வரும், குளிர்ந்ததும் உள்ளே ஓடும். கரையானை எப்படிக் கிளறுவது, எதைத் தின்பது என்று தாய் கொத்திக் காட்டும். பருந்து நிழல் விழுந்தால் ஒரே ஒரு குரல்தான், குஞ்சு அத்தனையும் தேயிலைச் செடிக்கு அடியில். ராத்திரியில் காட்டுப்பூனை வரும், யானையும் வரும். அதனால் பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தோடு தாயையும் குஞ்சுகளையும் அடுப்படிக்குள் கொண்டுவந்துவிடுவோம். இரண்டு மாதத்தில் அதே தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். முதல்முறை பார்த்தபோது நான் அழுதேன். "இனி அதுகளாப் பிழைச்சுக்கும்" என்றார் அம்மா.

எல்லாம் சந்தோஷம் என்று சொன்னால் பொய். ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ஒரே வாரத்தில் பதினேழு உருப்படி போய், ஒரு பெட்டைதான் மிஞ்சியது. ராணிக்கெட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அன்று எங்களுக்குத் தடுப்பு மருந்து பற்றித் தெரியாது. இன்று முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு செய்தி. ஓவேலியில் விடியற்காலையில் நம் வீட்டுச் சேவலோடு காட்டுக்குள்ளிருந்து இன்னொரு சேவலும் கூவும். அது சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளுக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உலகமெங்கும் மேயும் மஞ்சள்கால் கோழிகளுக்கு நம் நாட்டுக் காட்டுப்பறவை ஒரு வகையில் சொந்தம்!

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கும் அவ்வளவாகத் தேறாது. அதனால் பிறந்த உடனேயே பிரித்துச் சாயம் முக்கி விற்றுவிடுகிறார்கள். தாயின் சூட்டை அவை அறிந்ததே இல்லை. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரவேண்டும். சத்துள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். ஷூ டப்பாவும் அரிசியும் எந்த மூலைக்கு? கண்ணு, நீ தப்பு பண்ணவில்லை. உன்னிடம் தாய்க்கோழி இல்லை, அவ்வளவுதான்.

பால்கனியில் கோழி வளர்க்கக் கூடாது என்று சங்கம் சுற்றறிக்கை விட்டபோது சிலருக்கு வருத்தம். எனக்கு அதில் முழுச் சம்மதம். கிளற மண் இல்லாத இடத்தில் கோழிக்குச் சுகமில்லை. நாற்றமும் சேவல் கூவலும் பக்கத்து வீட்டுக்கும் சுகமில்லை.

ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு வீடு உண்டு, அங்கே அம்மாவோ சித்தியோ உண்டு. அவர்களிடம் ஓர் அடைக்கோழியும் பத்து முட்டையும் வைக்கச் சொல்லுங்கள். பரீட்சை முடிகிற வாரத்தில் இருபத்தொன்றாம் நாள் வருகிற மாதிரி கணக்குப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். ஓடு உடைக்க உதவக் கூடாது, குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை அந்த சைக்கிள் நம் கேட்டுக்கு வந்தால் யாரும் வாங்காதீர்கள். விற்பவரைத் திட்டவும் வேண்டாம், அவரும் பிழைக்க வந்தவர். குழந்தை அழுதால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஓவேலிக் கதை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.