நாலு சக்கரமும் இழுத்தாலும் மண் பிடிக்கணுமே!
(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலத்தில் பயிற்சிக்கும் சந்தைக்கும் நாம் வேன் பிடித்துத்தான் போகிறோம். "இது ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கா, எங்கே வேணும்னாலும் போகும்" என்று டிரைவர் தம்பி சொன்னால் நம்பி ஏறிடலாமா? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

நாலு சக்கரம் இருப்பது வேறு, நாலும் இழுப்பது வேறு. நாம் பிடிக்கும் வாடகை வேன்களில் பெரும்பாலும் இரண்டு சக்கரம்தான் இழுக்கும், மற்ற இரண்டும் கூடவே உருளும். இன்ஜின் சக்தி நாலுக்கும் போகும் வண்டிதான் ஃபோர் வீல் டிரைவ்.

சரி, நாலும் இழுத்தால் போதுமா? நடவுக்குப் போகும்போது ஈர வரப்பில் வழுக்குகிறதே, அப்போ நம் காலில் பலம் இல்லையா? பலம் இருக்கு, பிடிப்புதான் இல்லை. வண்டிக்கும் அதே கதைதான். நம்ம பக்கத்துக் களிமண் நனைந்தால் டயர் பட்டனுக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு டயர் மொழுமொழுன்னு ஆகிவிடும். இன்னொன்று, சாதாரண அமைப்பில் ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களில் ஒன்று சேற்றில் வழுக்கினால், அது மட்டும் வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றது அசையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் போதும், ஃபோர் வீல் வண்டியும் நின்றுவிடும். இதைத் தடுக்கும் 'லாக்' சில வண்டிகளில்தான் உண்டு.

பிரேக் விஷயத்தில் இந்த வண்டிக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது. எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தானே பிரேக்? ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும் இடத்தில் இதுவும் வழுக்கும்.

தண்ணீர்தான் பெரிய ஆபத்து. 2008 நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரை கடந்தது. அந்த மாதிரி மழையில் ரோட்டின் மேல் ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார்களை மிதக்க வைக்கும், இரண்டு அடி பெரிய வண்டியையே இழுத்துப் போய்விடும். டயர் தரையைத் தொடவில்லை என்றால் நாலு சக்கரம் இழுத்து என்ன பயன்? அங்கே "தம்பி, நிறுத்துப்பா" என்று சொல்ல நாம் கூச்சப்படக் கூடாது. பணம் கொடுப்பது நாம்தானே!

கடற்கரை மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிப்பு கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடித்துவிட வேண்டும்.

வண்டி சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். எல்லோரும் இறங்கி, டயருக்கு முன்னால் இருக்கும் சேற்றை வாரி, சாக்கோ தென்னங்கீற்றோ போடலாம். தள்ளும்போது டயருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், போட்ட கீற்றே பறந்து வந்து அடிக்கும். டிராக்டர் கட்டி இழுக்கும்போது பிள்ளைகளோடு தூரமாக விலகி நில்லுங்கள். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.