ஆற அமர ஓர் அறை



கோடைக்காலத்தில் ஒரு நாள், ராத்திரி ஏழரை மணிக்கு, உங்கள் வீட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து இருட்டியிருக்கும். ஆனாலும் சுவர் சுடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை என்றால் கூரையும் அப்படித்தான். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காந்திக்கொண்டே இருக்கிறதல்லவா, அதே கதைதான். பகலில் தளத்தின் மேல்பக்கம் ஏறிய சூடு, கான்கிரீட்டைக் கடந்து உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். நாம் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, அப்பாடா என்று உட்காருகிற வேளையும் அந்தச் சூடு அறைக்குள் இறங்குகிற வேளையும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

மாலையில் இதமாக உட்கார வீட்டில் ஓர் அறை வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பஞ்சுபொதிந்த சோபா, கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, வாசனை மெழுகுவத்தி என்று வரிசையாகக் காட்டுவார்கள். இவற்றில் பாதி குளிர்நாட்டார் கண்ட சுகம். வெளியே பனி பெய்யும்போது உள்ளே கதகதப்பாக இருப்பது அவர்களுக்கு வேண்டும். சித்திரை வெயிலில் நாம் அதை அப்படியே செய்து வைத்தால் வியர்த்து விறுவிறுத்து எழுந்து ஓட வேண்டியதுதான். நம் ஊரில் முதலில் மூன்றைக் குறைக்க வேண்டும்: வெக்கை, வெளிச்சம், இரைச்சல். வாங்கிப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்.

வெக்கையில் தொடங்குவோம். இருட்டியதும் வெளிக்காற்று மெல்லக் குளிரத் தொடங்கும். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ள அதுதான் நல்ல நேரம். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மணி ஆறு அடித்தால், "கொசு வந்துடும், ஜன்னலைச் சாத்து" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலையும் குறை சொல்ல முடியாது. சாக்கடைத் தண்ணீரில் பெருகுகிற கியூலெக்ஸ் கொசு பொழுது சாய்ந்த பிறகுதான் கடிக்கக் கிளம்பும். ஆக, காற்று வர வேண்டிய நேரத்தில் கதவடைப்பு. உள்ளே சூடும் நாமும் சிறைவாசம். என்னைக் கேட்டால், மாலை அறைக்கு முதலில் வாங்க வேண்டியது ஜன்னலுக்குக் கொசுவலை. வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வலை வாடகை வீட்டுக்கும் பொருந்தும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வலை போட்டால் காற்று கொஞ்சம் குறையத்தான் செய்யும். அடிக்கடி தூசி தட்டிக் கழுவினால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது.

காற்று வருவதற்கு ஒரு வழி இருந்தால் போதாது, போவதற்கும் வழி வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் சின்னதாக வென்டிலேட்டர் வைத்தார்கள். சூடான காற்று மேலே ஏறும், அந்த வழியாக வெளியேறும். இன்று பல வீடுகளில் அதை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம், எடுத்துவிடுங்கள். ஒரே ஜன்னல்தான் இருக்கிறது என்றால், மேசை விசிறியை அந்த ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்து, அறைக்கதவைத் திறந்து, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே தேங்கிய வெக்கையை அது வெளியே தள்ளிவிடும். ஏசி இருக்கிற வீட்டிலும் இதைச் செய்துவிட்டு ஏசியைப் போட்டால் அதற்குப் பாரம் குறையும்.

கூரை மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் மேல் இருக்கிற வியர்வையை ஆற்றி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் "குளிரட்டும்" என்று விசிறியை ஓடவிடுவது மின்சாரத் தண்டம்.

மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெயிலூர்களில் வெட்டிவேர் தட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் காற்று குளிர்ந்து, மணத்தோடு உள்ளே வரும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வருகிற குளிர்ச்சி அது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த அளவுக்குப் பலிக்காது. அங்கே மணம் மட்டும் மிச்சம். சொந்த வீடு என்றால் மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுவது எல்லா ஊருக்கும் பொருந்துகிற வைத்தியம்.

அடுத்தது வெளிச்சம். நம் கூடங்களில் உச்சியில் ஒரு டியூப்லைட், வெள்ளை வெளேரென்று. எல்.இ.டி பல்பு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். 6500 கே என்றோ 2700 கே என்றோ அச்சிட்டிருக்கும். கே என்றால் கெல்வின். 6500 என்பது நடுப்பகல் மாதிரி நீலம் கலந்த வெள்ளை. 2700 என்பது பழைய குண்டு பல்பின் மஞ்சள். இது வெறும் அழகு விஷயம் இல்லை. 2002-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினர், விழித்திரையில் தாமாகவே ஒளியை உணர்கிற ஒரு வகைச் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். நாம் பொருள்களைப் பார்ப்பதற்கு அவை முக்கியமாகப் பயன்படுவதில்லை. இது பகலா இரவா என்று மூளைக்குச் சேதி சொல்வதுதான் அவற்றின் வேலை. நீல ஒளிக்கு அவை அதிகம் அசையும். உச்சியில் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், மெலடோனின் என்கிற உறக்கத்துக்கான சுரப்பு தாமதப்படும். உடம்பு ஓய்வுக்கு வந்திருக்கும், மூளை இன்னும் ஆபீசில் இருக்கும்.

அதற்காக டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். பிள்ளைகள் படிக்க, ஊசியில் நூல் கோக்க அது வேண்டும். ஏழு மணிக்கு மேல் அதை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் பல்பு ஒன்றைத் தாழ்வான இடத்தில், கண்ணில் நேரே அடிக்காமல் சுவரைப் பார்த்து எரியவிடுங்கள். அந்தக் காலத்து விளக்கு மாடம் சுவரில் எட்டுகிற உயரத்தில்தானே இருந்தது! அலமாரித் தட்டின் மூலையிலோ முக்காலி மேலோ வைத்தாலே கூடத்தின் முகம் மாறிவிடும்.

மூன்றாவது, இரைச்சல். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் மூன்றும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறியும். ஒரு ஸ்பூன் விழுந்தால் கூடம் முழுக்க அதிரும். புத்தக அலமாரி, பருத்தித் திரை, தரையில் ஒரு ஜமக்காளம், இவை அந்த எதிரொலியை விழுங்கும். அறைக்குள்ளே பிறக்கிற சத்தத்துக்கு இது மருந்து. தெருவில் அடிக்கிற ஹாரனுக்கு இல்லை. தொலைக்காட்சியை யாரும் பார்க்காதபோது அணைத்துவிடலாம். வானொலியில் பேசுகிற நான், வானொலியைச் சன்னமாக வைத்துக் கேட்கலாம் என்று சொன்னால், என் பிழைப்புக்குச் சொல்கிறேன் என்பீர்கள்!

உட்கார என்ன வேண்டும்? ரெக்சின் சோபா வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கான்வாஸ் ஈசிச்சேரில் அந்தத் தொல்லை இல்லை. தரையில் கோரைப்பாயும் ஒரு திண்டும் போதும். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்கிற மெல்லிய பாயில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தால் துணியைத் தொடுகிறோமோ என்று தோன்றும். கோரைக்கு உடம்புச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிற குணம் இல்லை. மணத்துக்கு ஜன்னலோரத் தொட்டியில் ஒரு முல்லைக்கொடி வையுங்கள். அந்தியில்தான் அது மலரும். சாம்பிராணி போடுவதானால் ஜன்னல் திறந்திருக்கட்டும். அடைத்த அறையில் எந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த அறையில் யார் உட்காரப்போகிறார்கள்? ஆறரையிலிருந்து எட்டரை வரை பெரும்பாலான வீடுகளில் ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்கிறார். அங்கே போய்ப் பாருங்கள்: அடுப்பின் வெக்கை, தலைக்கு மேல் டியூப்லைட், மிக்ஸியும் குக்கரும் போடுகிற கூச்சல். கூடத்தில் நாம் குறைத்த மூன்றும் அங்கே அப்படியே இருக்கின்றன. ஒருவரை அங்கே நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஆற அமர உட்காருவது அரை ஓய்வுதான். சட்னி அரைக்கிற வேலையைப் பொழுதோடு முடிக்கலாம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடலாம். உட்கார்ந்து செய்கிற வேலைகளைக் கூடத்துக்கு மாற்றலாம். இன்று ராத்திரிச் சமையலுக்குப் பூண்டு உரிக்க வேண்டியிருந்தால், அந்தத் தட்டைப் பாய்க்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லாக் கைகளும் அதில் சேரட்டும்.