பாகிஸ்தானைப் பிளந்தவர் யார்?



1971-ஆம் வருஷம் பாகிஸ்தான் இரண்டாகப் பிளந்ததற்கு, கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே கிடந்த ஆயிரம் மைல் இந்திய பூமியும், எல்லை கடந்து வந்த இந்தியச் சேனையுமே காரணம் என்று சொல்லித் திருப்தியடைகிறவர்கள் அநேகர். அந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன். மைல் கணக்கு 1947-லும் அதேதான்; அதை அறிந்தேதான் கிழக்கு வங்க முஸ்லிம்கள் பாகிஸ்தானை விரும்பிப் பெற்றார்கள். சேனை வந்தது டிசம்பரில். தேசம் மார்ச்சிலேயே உடைந்துவிட்டது.

ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்களாயிருந்தும் அந்த வங்காளிகள் கண்ட பலன் என்ன? 1948 பிப்ரவரியில் கராச்சி அரசியல் நிர்ணய சபையில் தீரேந்திரநாத் தத்தர் எழுந்து, உருதுவோடும் ஆங்கிலத்தோடும் வங்காள பாஷையையும் சபையில் வழங்க அனுமதிக்க வேண்டுமென்று ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவந்தபோது, பிரதம மந்திரி லியாகத் அலி கானே அதைப் பிளவு உண்டாக்கும் முயற்சியென்று கண்டித்தார். 1952 பிப்ரவரி 21-ல் அதே பாஷைக்காக டாக்காவில் திரண்ட மாணவர்கள் மீது போலீசார் சுட்டார்கள். 1940-ல் பாகிஸ்தான் கோரிக்கைக்கு அடிப்படையான லாகூர்த் தீர்மானத்தையே பிரேரேபித்த பஸ்லுல் ஹக், 1954 தேர்தலில் முஸ்லிம் லீகை முறியடித்து மாகாண முதல் மந்திரியானார். இரண்டு மாதம் பூர்த்தியாகுமுன் அவருடைய மந்திரிசபை கலைக்கப்பட்டது, துரோகி என்ற பட்டமும் சூட்டப்பட்டது. பாகிஸ்தானுக்கு விதை ஊன்றியவரே துரோகியானால் விசுவாசி யாரையா? கிழக்கின் சணல் அந்நியச் செலாவணியைச் சம்பாதித்தது; ராஜதானியும் ராணுவத் தலைமையும் மேற்கே இருந்தன.

இத்தனைக்குப் பிறகும் அந்த ஜனங்கள் வாக்குச் சீட்டை நம்பினார்கள் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது. 1970 நவம்பர்ப் புயலில் லட்சக்கணக்கான உறவினரைப் பறிகொடுத்து, சர்க்காரின் உதவி உரிய காலத்தில் வராத துயரத்தோடு, மறுமாதமே சாவடிக்குச் சென்று, 313 ஆசனங்கள் கொண்ட தேசிய சபையில் 167-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீகுக்கு அளித்தார்கள். பாகிஸ்தான் முழுவதற்கும் பிரதம மந்திரியாகும் உரிமை ஒரு வங்காளிக்கு நியாயமாகக் கிடைத்துவிட்டது. மார்ச் 3-ஆம் தேதி டாக்காவில் கூட வேண்டிய சபையை, இரண்டு நாள் முன்னதாக, ஜனாதிபதி ஜெனரல் யாஹ்யா கான் ஒத்திவைத்தார். மார்ச் 25 இரவு டாக்கா சர்வகலாசாலைக்குள் ராணுவம் புகுந்தது. அதே மாதத்தில், எண்பது வயதைக் கடந்துவிட்ட தீரேந்திரநாத் தத்தரைக் கோமில்லாவில் அவருடைய வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் கொன்றார்கள்.

அவாமி லீகுக்கு மேற்கே ஓர் ஆசனங்கூடக் கிடைக்கவில்லையே, 1966-ல் முஜிப் வெளியிட்ட ஆறு அம்சத் திட்டப்படி வரி விதிக்கும் அதிகாரம் மாகாணங்களுக்கே போனால் மத்திய சர்க்கார் எப்படி நிலைக்கும் என்று மேற்குப் பாகிஸ்தான் தலைவர் புட்டோவின் பக்கம் நின்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதென்றே வைத்துக்கொள்வோம். அதைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புட்டோவுக்கும் அதில் 80-க்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருந்தார்கள். தேசப் பாதுகாப்பையும் வெளிநாட்டு விவகாரத்தையும் மத்திய சர்க்காரிடமே விட்டுவைத்த திட்டம் அது. அந்தச் சபையைக் கூட்டாமல் ஒத்திவைத்த யாஹ்யா கான், மார்ச் 26-ல் ரேடியோவில் பேசி, பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் செயலை ராஜத்துரோகம் என்றார். அந்தக் குற்றச்சாட்டை, இந்தச் சபையோரைச் சாட்சியாக வைத்து, யாஹ்யா கான் மீதே நான் சுமத்துகிறேன்.